ஊர்த் திரையும் தீர விசாரித்தலும்

கண்ணாற் கண்டதும் பொய், காதாற் கேட்டதும் பொய், தீர விசாரிப்பதே மெய் என்பது தமிழ் மக்களிடையே நெடுங்காலமாக வழங்கிவரும் பழமொழி. திரைப்படம் கண்ணுக்குரியது, வானொலி காதுக்குரியது. இவ்விரண்டையும் பெரிதும் நம்பி வாழும் இக்காலத்தில், பழமொழியின் மூன்றாவது பகுதிக்கு எங்கே இடம் என்று கேட்பது பொருத்தமானதே. ஊரவர் ஒன்றுகூடி ஒரு படத்தைப் பார்ப்பதும், விளக்கு ஏற்றப்பட்டதும் எழுந்து செல்லாமல், கண்டதைப் பற்றித் தம்முள் ஆராய்ந்து பேசுவதுமாகிய ஒரு முறை உலகின் பல பாகங்களில் வளர்ந்திருக்கிறது. வரலாறு, சமய நம்பிக்கை, தப்பெண்ணம் ஆகிய மூன்றையும் பற்றி மனந்திறந்து பேசுவதற்கு அம்முறை எவ்வளவு தூரம் உதவும்? கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா ஆகிய மாவட்டங்கள் அடங்கிய வன்னிப் பெருநிலத்துக்கு அதனால் விளையக்கூடிய பயன் யாது? இவையே இப்பேச்சின் பொருள்.

வன்னி மக்களுக்கு இரவில் ஒன்றுகூடிக் கதை காண்பது புதிதன்று. முள்ளியவளை முதலிய ஊர்களில் கோவலன் கூத்தும் காத்தவராயன் கூத்தும் விடியவிடிய ஆடப்பட்டு வந்தன. கூத்து முடிந்தாலும் அதைப் பற்றிய பேச்சு முடிவதில்லை. கோவலன் செய்தது முறையா, பாண்டியன் விசாரியாமல் தண்டித்தது ஏன் என்பன போன்ற வினாக்கள் வீடு திரும்பும் வழியெல்லாம் கூடவே வரக்கூடியவை. கலையைக் கண்டபின் நியாயம் பேசும் பழக்கம் இம்மண்ணுக்கு அந்நியமானதன்று.

திரைப்படமும் இங்கு முன்னரே வந்தது. 1948 ஆம் ஆண்டில் இலங்கை அரசாங்கத் திரைப்படப் பிரிவு நிறுவப்பட்டது. அதன் செய்திப் படங்களும் விவரணப் படங்களும் பட்டணத்துப் படமாளிகைகளில் மட்டுமன்றி, படங்காட்டும் வாகனங்களின் மூலம் மின்சாரம் எட்டாத ஊர்களிலும் காட்டப்பட்டன. பிற்காலத்தில் உலகப் புகழ் எய்திய நெறியாளர் லெஸ்டர் ஜேம்ஸ் பீரிஸ் 1954 இல் அப்பிரிவுக்காக எடுத்த படம் ஒன்று, உலர்வலயத்தில் மலேரியாவுடன் நடந்த போராட்டத்தைக் கூறுவது. அந்நோயினால் நெடுங்காலம் குடித்தொகை குன்றிக் கிடந்த வன்னிக்கு அது வேற்றூர்க் கதையன்று. அதன் பின்னர் வந்த போர்க்காலத்தில், விடுதலைப் புலிகளின் நிதர்சனம் பிரிவு தயாரித்த படங்கள் மின்பிறப்பாக்கியின் துணையுடன் காட்டப்பட்டன. அரசாங்கத்தின் படமாயினும் இயக்கத்தின் படமாயினும் இரண்டுக்கும் ஓர் ஒற்றுமை உண்டு. சொல்பவர் ஒருவர், பார்ப்பவர் ஊரார். மறுத்துக் கேட்பதற்கு நிகழ்ச்சியில் நேரம் ஒதுக்கப்படுவது அரிது.

மறுத்துக் கேட்க முடியாத திரை எவ்வளவு தீங்கு செய்யும் என்பதற்கு ஜேர்மனியின் அனுபவமே போதுமான சான்று. 1940 ஆம் ஆண்டில் ஹிட்லரின் ஆட்சியில் 'யூதன் சூஸ்' என்ற படம் வெளியிடப்பட்டது. பதினெட்டாம் நூற்றாண்டில் வூர்ட்டம்பேர்க் சிற்றரசில் நிதி அலுவல் பார்த்த ஒரு யூதரின் வரலாறு என்ற பெயரில், யூத சமயத்தார் அனைவரையும் வஞ்சகராகச் சித்திரித்த படம் அது. ஏறத்தாழ இரண்டு கோடிப் பேர் அதைப் பார்த்தனர். வரலாற்றின் உடையையும் சமயத்தின் பெயரையும் தப்பெண்ணத்துக்கு அணிவித்து, கண்ணாற் கண்டது மெய் என்று கோடிக்கணக்கானோரை நம்பவைத்தார்கள். அந்த நம்பிக்கை எங்கே கொண்டுபோய் விட்டது என்பதை உலகம் அறியும்.

போர் முடிந்தபின், 1946 இல், அமெரிக்கர் தம் ஆதிக்கத்திலிருந்த பகுதிகளில் வதைமுகாம்களின் கொடுமையைக் காட்டும் 'மரண ஆலைகள்' என்ற சிறு படத்தை ஜேர்மானியருக்குத் திரையிட்டனர். படத்திற் பொய் எதுவுமில்லை. ஆயினும் பார்த்தவருட் பலர், தமக்கு ஒன்றும் தெரியாது, தம்மால் ஒன்றும் செய்திருக்க முடியாது என்று கூறி விலகிக்கொண்டனர். பொய்ப் படம் எளிதில் புகுந்த உள்ளத்தில் மெய்ப் படம் எளிதில் புகவில்லை. தோற்றவரை இருத்தி, இதோ உங்கள் குற்றம் என்று காட்டுவதனால் மட்டும் மனம் திருந்துவதில்லை என்பதே அதன் பாடம்.

அவ்வாறாயின் எதனால் திருந்தும்? இவ்வினாவுக்கு வானொலியின் வரலாற்றிலேயே ஒரு பயனுள்ள விடை உண்டு. கனடா நாட்டில் 1941 இல் உழவர் வானொலி மன்றங்கள் தோன்றின. அயலவர் சிலர் ஒரு வீட்டிற் கூடி ஒலிபரப்பைக் கேட்பர். கேட்டதைப் பற்றிப் பேசுவர். பேசியதைச் செயலிற் காட்ட முயல்வர். இந்த முறையை 1956 இல் இந்திய வானொலி, யுனெஸ்கோவின் உதவியுடன் பூனாவைச் சூழ்ந்த மாவட்டங்களில் 150 கிராமங்களிற் சோதித்துப் பார்த்தது. பத்து வாரங்களில் இருபது நிகழ்ச்சிகள் ஒலிபரப்பப்பட்டன. ஆராய்ச்சியாளர்கள் மன்றம் அமைத்துக் கூடிப் பேசிய ஊர்களையும், மன்றம் இல்லாத ஊர்களையும் ஒப்பிட்டனர். கூடிப் பேசிய ஊர்களில் அறிவு பெரிதும் வளர்ந்திருந்தது. வானொலிப் பெட்டி இருந்தும் மன்றம் இல்லாத ஊர்களில் அவ்வளவு வளர்ச்சி காணப்படவில்லை. காது கேட்டதை அறிவாக்கியது கூட்டத்தின் பேச்சே.

திரைக்கும் இது பொருந்தும். கனடாவின் தேசியத் திரைப்படச் சபை 1942 முதல் படக்கருவியுடன் ஆட்களை ஊர் ஊராக அனுப்பி, காட்சியின் பின் உரையாடலையும் ஊக்குவித்தது. அதே சபையைச் சேர்ந்த கொலின் லோ 1967 இல் நியூபவுண்ட்லாந்தை அடுத்த போகோ என்னும் மீன்பிடித் தீவுக்குச் சென்றார். அங்குள்ள சிறு ஊர்கள் கிறிஸ்தவ சபைப் பிரிவுகளினாற் பிளவுபட்டிருந்தன. மீன்பிடித் தொழில் நலிந்தமையால், மக்களைத் தீவினின்றும் பெயர்த்து வேறிடத்திற் குடியேற்றுவது பற்றி அரசாங்கம் ஆலோசித்துக்கொண்டிருந்தது. லோ தீவு மக்களின் பேச்சையே சிறு சிறு படங்களாக எடுத்து, அவற்றைத் தீவின் ஊர்களில் அம்மக்களுக்கே காட்டினார். நேர்முகமாகப் பேசத் தயங்கியவர்கள், அடுத்த ஊரவரின் கவலையைத் திரையிற் கண்டபோது அது தம் கவலையே என்று உணர்ந்தனர். அவர்கள் பின்னர் மீனவர் கூட்டுறவுச் சங்கம் அமைத்து, அத்தீவிலேயே வாழ்ந்தனர்.

இனி வன்னிக்கு வருவோம். இங்கு தீர விசாரிக்க வேண்டியவை மூன்று துறையிலும் உண்டு. முதலாவது வரலாறு. ஒட்டுசுட்டானை அடுத்த கற்சிலைமடுவில் நாட்டப்பட்ட ஒரு கல், 1803 ஒக்டோபர் 31 ஆம் நாள் அப்பகுதியில் கப்டன் வொன் டிறிபேர்க் பண்டாரவன்னியனைத் தோற்கடித்தான் என்று கூறியது. வென்றவர் சார்பில் எழுதப்பட்ட அந்த வாசகமே, பிற்காலத்தில் தோற்றவனின் வீரத்துக்குச் சான்றாகப் போற்றப்பட்டது. கண்டி அரசும் ஆங்கிலேயருடன் போர் செய்த ஆண்டு அது. ஒரே நிகழ்ச்சியை ஆங்கில அதிகாரி ஒருவாறும், வன்னித் தமிழர் வேறோராறும், கண்டிச் சிங்களவர் பிறிதோராறும் நினைவிற் கொள்ளக்கூடும். மூன்று நினைவுகளையும் அடுத்தடுத்து வைத்துக் காட்டும் ஒரு சிறு படம், பாடசாலை மாணவருக்கு வரலாறு என்பது மனனம் செய்யும் பாடம் அன்று, விசாரணை என்பதை உணர்த்தும்.

வரலாறு சமயத்துடன் கலக்கும்போது விசாரணை கடினமாகிறது. தண்ணிமுறிப்புக்கு அண்மையிலுள்ள குருந்தூர்மலையில் 2021 ஆம் ஆண்டு தொல்லியல் அகழ்வு தொடங்கியபின் எழுந்த பிணக்கு நீதிமன்றம் வரை சென்றது. அஃது ஆதி ஐயனார் வழிபாட்டுக்குரிய இடம் என்பர் ஊரவர்; பழைய விகாரை இருந்த இடம் என்பர் பௌத்த தரப்பினர். பௌத்த எச்சம் என்ற சொல்லைக் கேட்டவுடனே அது சிங்களவருக்கே உரியது என்று இரு சாராருட் பலரும் எண்ணிவிடுகின்றனர். மணிமேகலைக் காப்பியத்தைத் தமிழுக்குத் தந்தது பௌத்தம் என்பதும், இராசராச சோழன் காலத்தில் நாகபட்டினத்தில் எழுந்த சூடாமணி விகாரத்துக்கு ஆனைமங்கலம் என்ற ஊர் நிவந்தமாக அளிக்கப்பட்டது என்பதும் அவ்வேளையில் நினைவுக்கு வருவதில்லை. பழங்காலத்தில் அங்கு வழிபட்டவர் யார் என்பது ஒரு வினா. இன்று அங்குப் பயிரிடுபவரின் காணி உரிமை என்ன என்பது மற்றொரு வினா. முதல் வினாவின் விடையைக் கொண்டு இரண்டாவதைத் தீர்க்க முயல்வதனாலேயே பகை வளர்கிறது. இரண்டையும் பிரித்துக் காட்டவல்ல ஒரு படமும், பொறுமையுள்ள ஓர் அவையும் இருந்தால் அரைவாசிச் சினம் தணியும்.

இரண்டாவது நம்பிக்கை. முல்லைத்தீவு வற்றாப்பளையில் வைகாசிப் பொங்கலின்போது கடல்நீரில் விளக்கெரிப்பது மரபு. மதுரையை எரித்த கண்ணகி ஈழம் வந்து தங்கிய இடங்களில் ஒன்று அது என்பது ஊரவர் கொள்கை. அதே கண்ணகியைச் சிங்கள மக்கள் பத்தினித் தெய்வம் என்று போற்றுகின்றனர். கொழும்பை அடுத்த நவகமுவையில் அவளுக்குப் புகழ்பெற்ற கோயில் உண்டு. மன்னார் மாவட்டத்து மடுத் தேவாலயத்துக்கு ஆவணித் திருநாளில் தமிழரும் சிங்களவரும் செல்கின்றனர். கிறிஸ்தவர் அல்லாதாரும் செல்கின்றனர். வற்றாப்பளைப் பொங்கலையும் நவகமுவை விழாவையும் ஒரே மாலையில் ஒன்றன்பின் ஒன்றாகக் காட்டினால், விளக்கவுரை எதுவும் தேவைப்படாது. ஓர் அம்மையின் இரு கோயில்களை மக்கள் தாமே கண்டுகொள்வர்.

மூன்றாவது தப்பெண்ணம். விசாரணைக்கு முன்னரே எழுதப்பட்ட தீர்ப்பு என்று அதனைச் சொல்லலாம். பிறர் நம்மீது கொண்ட தப்பெண்ணம் விரைவில் தெரியும். நாம் பிறர்மீது கொண்டது எளிதில் தெரியாது. 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் வட மாகாண முஸ்லிம்கள் அனைவரையும் வெளியேற்றினர். வெளியேறியோர் ஏறத்தாழ 75,000 பேர் என மதிப்பிடுவர். முல்லைத்தீவின் தண்ணீரூற்று, நீராவிப்பிட்டி ஆகிய ஊர்களும் அன்று வெறிச்சோடின. 2002 ஏப்பிரலில் கிளிநொச்சியில் நடைபெற்ற செய்தியாளர் மாநாட்டில் அவ்வெளியேற்றம் தவறு என்று இயக்கத்தின் சார்பில் ஒப்புக்கொள்ளப்பட்டது. ஆயினும் போர் முடிந்தபின் அம்மக்கள் திரும்பி வந்தபோது காணி பற்றிய மனக்கசப்புகள் பல எழுந்தன. மாநாட்டிற் சொன்ன ஒரு சொல் அயலவரின் முற்றத்துக்குள் இன்னும் வந்து சேரவில்லை என்பதையே அது காட்டியது.

பிரசன்ன விதானகே என்ற சிங்கள நெறியாளர் 2003 இல் வெளியிட்ட 'இர மதியம' என்ற படத்தில் இவ்வெளியேற்றம் ஒரு பகுதியாக இடம்பெறுகிறது. ஊரை விட்டுப் போகும் ஒரு முஸ்லிம் சிறுவன் தன் நாயைப் பிரிய மனமின்றித் தவிக்கிறான். அரசியல் விளக்கம் எதுவும் அச்சிறுவனுக்குத் தெரியாது. தம் நாயையும் மாட்டையும் விட்டு, 2009 இல் மாத்தளன் வரையும் முள்ளிவாய்க்கால் வரையும் நடந்த வன்னி மக்களுக்கு அச்சிறுவனின் துயரத்தை எவரும் விளக்க வேண்டியதில்லை. இப்படத்தைப் பார்த்தபின் பேசும் பேச்சு, தமக்கு நேர்ந்ததிலிருந்து தொடங்கி, தம் அயலவருக்கு நேர்ந்ததை நோக்கிச் செல்லும்.

அதே நெறியாளர் 1997 இல் எடுத்த 'புரஹந்த களுவர' என்ற படம் மற்றொரு பாலம். போரில் இறந்ததாகச் சொல்லப்பட்ட மகனின் உடல் முத்திரையிட்ட பெட்டியில் வருகிறது. கண்பார்வையற்ற தந்தை அதை நம்ப மறுக்கிறார். நட்டஈட்டுக்கான தாளில் ஒப்பமிடவும் மறுக்கிறார். பெட்டியைத் தோண்டி எடுத்துத் திறந்தபோது உள்ளே மகன் இல்லை. அத்தந்தையின் பெயர் வன்னிஹாமி. 2000 ஆம் ஆண்டில் இப்படத்தை வெளியிட அரசாங்கம் தடைவிதித்தது; 2001 இல் உயர் நீதிமன்றம் அத்தடையை நீக்கியது. காணாமலாக்கப்பட்டோரின் தாய்மார் கிளிநொச்சி கந்தசுவாமி கோயில் முன்றலில் 2017 பெப்ரவரியில் தொடங்கிய போராட்டம் ஆண்டுகள் பல கடந்தும் நீடித்தது. மரணச் சான்றிதழும் வேண்டாம், இழப்பீடும் வேண்டாம், உண்மையே வேண்டும் என்று கேட்ட தாய்மாருக்கு வன்னிஹாமி அந்நியர் அல்லர். எதிர்ப்பக்கத்திலும் உண்மையைக் கேட்டு நின்ற ஒரு முதியவர் உண்டு என்று காண்பது தம் நியாயத்தைக் கைவிடுவது ஆகாது. அந்த நியாயத்துக்கு மற்றொரு சாட்சியைப் பெறுவதாகும்.

உள்வீட்டுத் தப்பெண்ணங்களும் உண்டு. 1948 இன் குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றவரானவர்களின் வழிவந்த மலையகத் தமிழர் பலர், 1977 இன் வன்செயலுக்குப் பின் வவுனியாவிலும் கிளிநொச்சியிலும் குடியேறினர். காட்டை வெட்டிக் கழனியாக்கியவர்களுள் அவர்களும் அடங்குவர். இருந்தும் காணி உறுதியிலும் கலியாணப் பேச்சிலும் அவர்கள் நெடுங்காலம் வேற்றாராகவே கருதப்பட்டனர். சாதியின் கொடுமையை யாழ்ப்பாணத்தின் பின்னணியிற் காட்டிய 'பொன்மணி' என்ற தமிழ்ப் படத்தை 1970 களின் இறுதியில் நெறிப்படுத்தியவர் தர்மசேன பத்திராஜ என்ற சிங்களவர். மலையக மூதாட்டிகளின் வாழ்க்கைக் கதைகளைப் பதிவுசெய்ய இன்று ஒரு கைத்தொலைபேசி போதும். போகோத் தீவில் நடந்தது பாரதிபுரத்திலும் மலையாளபுரத்திலும் நடக்கலாம்.

இம்முயற்சி எளிதானதன்று. விதானகேயின் 'ஒப நத்துவ ஒப எக்க' என்ற படம் 2014 ஆம் ஆண்டு எதிர்ப்புக் காரணமாகச் சென்னைப் படமாளிகையினின்றும் நீக்கப்பட்டது. சிங்கள முன்னாட் படைவீரன் ஒருவனுக்கும் தமிழ்ப் பெண் ஒருத்திக்கும் இடையிலான வாழ்க்கையைக் கூறுவது அது. 2015 முதல் நடைபெற்றுவரும் யாழ்ப்பாணச் சர்வதேசத் திரைப்பட விழாவில், ஜூட் ரட்ணம் என்ற தமிழர் தமிழ் இயக்கங்களின் உள்வன்செயலையும் பற்றி எடுத்த 'டீமன்ஸ் இன் பரடைஸ்' என்ற படம் 2018 இல் விலக்கிக்கொள்ளப்பட்டது. எதிர்த்தவர்களின் காயமும் மெய்யானதே. ஆனால் பார்க்காத படத்தைப் பற்றி வாதிட இயலாது. அதை மறுக்கவும் இயலாது. ஒரு படம் பிழையானது என்று நினைப்பவருக்கே அதைக் கண்டு, அவையில் எழுந்து, இன்ன இடத்தில் இன்ன பிழை என்று சொல்லும் உரிமை முதலில் வேண்டும்.

ஆகவே முறை முக்கியம். வன்னியில் இரவில் யானை நடமாட்டம் உண்டு. பெண்கள் இருட்டுமுன் வீடு திரும்ப வேண்டும். பாடசாலை மண்டபத்திலோ சனசமூக நிலையத்திலோ, பெரும்போக அறுவடை முடிந்த காலத்தில், பிற்பகலில் கூடுவது உசிதம். சிங்களப் படமாயின் எழுத்தறியாத முதியோருக்காக ஒருவர் அருகிலிருந்து கதையைச் சொல்ல வேண்டும். படம் முடிந்தபின் எட்டுப் பத்துப் பேர் கொண்ட சிறு வட்டங்களாக அமர்ந்தால், மேடையிற் பேசாதவரும் பேசுவர். தலைமை தாங்குபவர் தீர்ப்புக் கூறுபவராக இருத்தல் ஆகாது. "இதிலிருந்து என்ன படிப்பினை பெற்றீர்கள்?" என்று கேட்டால் அவை மௌனமாகும். "ஆச்சி, எந்த இடத்தில் உங்களுக்கு மனம் கலங்கியது?" என்று கேட்டால் ஆச்சி பேசத் தொடங்குவார், அவர் பேசினால் மற்றவர்களும் பேசுவர்.

வேறொரு நிபந்தனையும் உண்டு. தான் சொல்வதை யார் குறித்துக்கொள்கிறார் என்ற அச்சம் உள்ள இடத்தில் உண்மை வாய்திறக்காது. அழைப்பில்லாதவர் குறிப்புப் புத்தகத்துடன் கடைசி வாங்கில் அமர்ந்திருப்பின் அங்கு நடப்பது உரையாடல் அன்று. மேலும், பேச்சு நீதிக்குப் பதிலாகாது. காணி திரும்பக் கிடைக்க வேண்டியவருக்குக் காணியும், மகனைத் தேடும் தாய்க்கு விடையும் கிடைக்கவே வேண்டும். ஊர்த் திரை அவற்றைத் தரமாட்டாது. அவற்றைக் கேட்கும்போது அயலவரும் அருகில் நிற்கும்படி செய்ய அதனால் முடியும்.

இவ்வகை முயற்சி எந்தப் படத்துடன் தொடங்க வேண்டும் என்பதே இறுதி வினா. பிறர் நமக்குச் செய்த தீங்கைக் காட்டும் படத்துடன் தொடங்குவது இயல்பு. கூட்டமும் அதற்கே பெரிதாகக் கூடும். ஆனால் அங்கு விசாரணைக்கு வேலை குறைவு. தீர்ப்பு முன்னரே எல்லாருக்கும் தெரியும். நாம் பிறருக்குச் செய்ததை, அல்லது நம் பெயரால் செய்யப்பட்டதைக் காட்டும் படத்துடன் ஓர் ஊர் தொடங்குமாயின், அந்த ஊர் மற்ற ஊர்களையும் அவ்வாறு தொடங்குமாறு கேட்கும் தகுதியைப் பெறும். தண்ணீரூற்றில் 'இர மதியம' காட்டப்பட்டு, தமிழரும் முஸ்லிம்களும் ஒரே வட்டத்தில் அமர்ந்து பேசினால், அதே ஆண்டில் தெற்கே ஒரு சிங்கள ஊரில் வன்னித் தாய் ஒருத்தியின் கதை திரையிடப்பட வேண்டும் என்று கேட்பது நியாயமாகும். பாண்டியன் விசாரியாமல் தீர்ப்பளித்ததனால் ஒரு நகர் எரிந்தது. அந்தக் கதையைத் தலைமுறை தலைமுறையாகக் கூத்தாடி வந்த மண்ணுக்கு, தீர விசாரிப்பதன் அருமையை எவரும் புதிதாகக் கற்பிக்க வேண்டியதில்லை.